இருபது சுற்று

காலை ஏழு மணிக்கு மச்சினன் ஓட ஆரம்பித்தால், பூட்ஸ் அறை ஜன்னலில் நின்று சுற்றுகளை எண்ண வேண்டியது அத்தானின் வேலை. உலகத்தில் வேறெந்த அத்தானுக்கும் இப்படி ஒரு வேலை வாய்த்திருக்காது. ஒரு சுற்று முடிந்தால் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு. இருபது கோடு ஆனதும் செயலாளர் கொடுத்திருக்கிற தாளில் தேதி போட்டு ஒரு கையெழுத்து. மழை என்று விடுமுறையெல்லாம் கிடையாது. அன்றைக்கும் தூறிக்கொண்டுதான் இருந்தது.

கிளப்பில் எல்லோரும் அவரைப் பூட்ஸ்காரர் என்றே கூப்பிடுவார்கள். முப்பத்தோரு வருஷமாக ஆட்டக்காரர்களின் பூட்ஸில் சேறு சுரண்டி, ஈரம் போகக் காகிதம் திணித்து, அடியிலிருக்கும் குமிழ்கள் தேய்ந்தால் கழற்றி மாற்றி, அவரவர் கொக்கியில் மாட்டி வைத்துக்கொண்டிருக்கிறார். பக்கத்து அறையில் அவர் மனைவிக்குச் சலவை வேலை. இரண்டு அறைக்கும் நடுவே ஒரு கதவு உண்டு. டீயும் வாய்ச்சண்டையும் அந்த வழியாகத்தான் போய்வரும். மூன்று வாரமாக அந்தக் கதவு சாத்தியே கிடந்தது.

காரணம் பம்பரம். அது கூட்டம் வைத்த பேர். பந்தைக் காலில் ஒட்டவைத்துக்கொண்டு நின்ற இடத்தில் ஒரு சுற்றுச் சுற்றினான் என்றால், மறிக்க வந்த இரண்டு பேரும் ஒருத்தர்மேல் ஒருத்தர் விழுவார்கள். பூட்ஸ்காரர் மனைவியின் தம்பி. பதினோரு வயதில் தாய் தகப்பன் இல்லாமல் அக்கா வீட்டுக்கு வந்தவன். பிள்ளை இல்லாத வீட்டில் பிள்ளையாகவே வளர்ந்துவிட்டான். இருபத்தாறு வயதில் இப்போது அணியின் ஒன்பதாம் எண் சட்டை அவனுடையது.

மூன்று வாரத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை கோச் மறுநாள் ஆட்டத்துக்கான பட்டியலை வாசித்துக்கொண்டிருந்தார். ஒன்பதாம் எண் வந்ததும், "நான் ஆடல" என்றான் பம்பரம்.

"என்னது?"

"நான் ஆடமாட்டேன் கோச்."

"ஏன்டா?"

"பிடிக்கல."

அவ்வளவுதான். அடித்துக் கேட்டாலும் அதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை. சாயங்காலத்துக்குள் கதை தயாராகிவிட்டது. பெரிய ஊர் கிளப்பிலிருந்து தூண்டில் போட்டிருக்கிறார்கள், இவன் இங்கிருந்து கழன்றுகொள்ளப் பார்க்கிறான் என்றார்கள். கதையைக் கேட்டதும் பூட்ஸ்காரருக்கு உடம்பெல்லாம் கூசியது. இரண்டு மாதமாகவே அவருக்கு உள்ளுக்குள் ஒரு முள் இருந்தது. "என் பூட்ஸை இனிமே நானே துடைச்சுக்கறேன் அத்தான், உங்களுக்கு ஏன் சிரமம்?" என்று அவன் வீட்டுக்குச் சுருட்டி எடுத்துப் போக ஆரம்பித்திருந்தான். பதினைந்து வருஷம் இல்லாத சிரமம் இப்போது எங்கிருந்து வந்தது? பெரிய இடத்துக்குப் போகிறவனுக்கு நம் கை பட்டால் ஆகாது போலிருக்கிறது என்று அப்போதே மனசுக்குள் வைத்துக்கொண்டார்.

கிளப்பில் ஒரு பழைய வழக்கம் இருக்கிறது. ஆட மறுத்தவனின் சட்டையும் ஆட்டத்தன்று அவன் கொக்கியில் தொங்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும், ஒரு சொட்டு வேர்வை படாத அந்தச் சட்டையும் மற்றச் சட்டைகளோடு சலவைத் தொட்டிக்குப் போக வேண்டும். யார் ஆரம்பித்து வைத்தார்களோ, கேட்பார் இல்லை. மூன்று சனிக்கிழமையாக அக்காக்காரி, தம்பி போடாத ஒன்பதாம் எண்ணைச் சோப்புப் போட்டுத் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். 

"காலைத் தூக்கி ஓடுறா! நடிக்காதடா!" என்று ஜன்னலிலிருந்து கத்தினார் பூட்ஸ்காரர். பன்னிரண்டாவது சுற்று. மைதானத்தின் தூரத்து மூலையில் அவன் ஒரு நிமிஷம் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு ஓடினான். கேட்டோரம் பால் வண்டியை நிறுத்தியிருந்தவன்கூட, "அப்படிச் சொல்லுங்க அண்ணே" என்று ஒத்து ஊதினான்.

பத்து மணிக்குத் தாளை எடுத்துக்கொண்டு செயலாளர் அறைக்குப் போனார். கோச் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் இருந்த டீயில் ஆடை படிந்திருந்தது. நாலு ஆட்டம் பாக்கி. அதில் இரண்டிலாவது தோற்காமல் இருந்தால்தான் அணி இந்தப் பிரிவிலேயே தங்கும். கோச் முகத்தில் அது எழுதி ஒட்டியிருந்தது.

"எப்படி ஓடறான்?" என்றார் செயலாளர்.

"இழுத்துக்கிட்டு ஓடறான் சார். முன்னெல்லாம் இருபது சுத்துக்கு அரை மணிதான். இப்ப ஒரு மணி ஆகுது."

"ஆகும், ஆகும். மனசு இங்க இல்லன்னா உடம்பு எப்படி வளையும்?"

"சார், ஏன்னு ஒரு தடவை பொறுமையா கேட்டுப் பார்த்திருக்கலாம்" என்றார் கோச், டீயைப் பார்த்தபடியே.

"கேட்டோமே. பிடிக்கலன்னான்."

"அது ஒரு பதிலா சார்?"

"ஆடமாட்டேன்னு சொல்றவன்கிட்டேருந்து வேற என்ன பதில் வரும்? கோச், நான் இந்த நாற்காலில பன்னெண்டு வருஷமா உக்கார்ந்திருக்கேன். இவன் நாலாவது ஆளு. முதல் ஆளைக் கெஞ்சினோம். தலைமேல ஏறி உக்கார்ந்தான். ரெண்டாவது ஆளைப் போடா சாமின்னு விட்டோம். அடுத்த மாசமே வேற சட்டை போட்டுக்கிட்டு வந்து நமக்கே ரெண்டு கோல் அடிச்சுட்டுப் போனான். மூணாவது ஆளை வீட்டுல உக்கார வெச்சோம். சீசன் பூரா நிம்மதியா மீன் பிடிச்சான். அதான் இவனை விடவும் மாட்டேன், ஆடச் சொல்லிக் கெஞ்சவும் மாட்டேன். ஓடட்டும். சீசன் முடியற வரைக்கும் தினம் ஓடட்டும். ஒரு நாள் தவறினா ஒப்பந்தம் ரத்து. அப்புறம் அடுத்த வருஷம் வாயைத் திறக்க எவனுக்கும் தைரியம் வராது."

"ஓடற நேரத்துல ஆடினா நாம ஜெயிக்கலாம் சார்."

"அதை அவன்கிட்ட சொல்லுங்க" என்றார் செயலாளர். பிறகு பூட்ஸ்காரர் பக்கம் திரும்பினார். "பூட்ஸை ஏன் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறான்? கிளப்பு சொத்துதானே? நாளையிலேருந்து இங்கயே வாங்கிப் பூட்டி வைங்க. உறவுன்னு பார்க்காதீங்க."

"உறவெல்லாம் வீட்டோட சார்" என்றார் பூட்ஸ்காரர். அது அவ்வளவு உண்மையில்லை. வீட்டிலும் பேச்சு நின்றுபோய் மூன்று வாரம் ஆகிறது. அவள் இருவருக்கும் தனித்தனி நேரத்தில் சாப்பாடு வைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஓட்டம் முடிந்ததும் வழக்கம்போல அவன் பூட்ஸைக் கழற்றிப் பழைய செய்தித்தாளில் சுற்ற ஆரம்பித்தான்.

"வெச்சுட்டுப் போ" என்றார்.

"துடைச்சு நாளைக்குக் கொண்டாந்துடறேன் அத்தான்."

"செயலாளர் உத்தரவு. வெச்சுட்டுப் போ."

"ஒரே ஒரு நாள் அத்தான்."

"ஏன், இங்க நான் கை இல்லாதவனா உக்கார்ந்திருக்கேன்?"

அவன் முகம் செத்துப்போயிற்று. பூட்ஸைப் பெஞ்சின்மேல் வைத்தான். ஏதோ சொல்ல வந்து, சலவை அறைக் கதவை ஒரு முறை பார்த்துவிட்டு, வெறுங்காலோடு வெளியே போனான். இந்த நாடகத்துக்கெல்லாம் மயங்குகிற ஆள் நானில்லை என்று பூட்ஸ்காரர் நினைத்துக்கொண்டார்.

மழுங்கிய கத்தியை எடுத்து வலது பூட்ஸின் சேற்றைச் சுரண்டினார். குமிழ்கள் வெளிப்புற ஓரத்தில் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தன. சரி, இருபது சுற்று ஓடினால் தேயாதா? இடது பூட்ஸை எடுத்தார். சேறு போனதும் கத்தி அப்படியே நின்றது. இடது காலின் குமிழ்கள் புதுசு மாதிரி இருந்தன. இரண்டையும் ஒரே நாளில், ஒரே டப்பாவிலிருந்து எடுத்து முடுக்கியவர் அவர். ஒரே ஆள் போட்டு ஓடிய ஒரு ஜோடி பூட்ஸில் ஒன்று மட்டும் கிழடாகியிருந்தது.

உள்ளே விரலை விட்டுப் பார்த்தார். குதிகால் பக்கம் மெத்தென்று ஏதோ தட்டியது. உள்தோலைத் தூக்கினார். பழைய துண்டை நாலாக மடித்துத் தைத்து வைத்திருந்தது. தையல் பொடிப்பொடியாக, ஒன்றின்மேல் ஒன்று குறுக்காக ஓடியது. கிளப்பின் ஒவ்வொரு சட்டை முதுகிலும் அவர் மனைவி எண்ணைத் தைத்திருப்பது இதே தையலில்தான். அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

இப்படி ஒரு ஜோடியை அவர் இதற்கு முன்னாலும் பார்த்திருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஓரத்தில் ஆடிக்கொண்டிருந்த ரயில் என்கிற பையனுடைய பூட்ஸ். பந்தோடு புறப்பட்டால் நிற்க மாட்டான், அதனால் ரயில். அன்றைக்கு அவர் பூட்ஸைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்ச் செயலாளரிடம் காட்டினார். "பையன் காலை மறைக்கறான் சார், வைத்தியம் பாருங்க" என்று நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். அந்த வாரமே ரயிலுக்குக் கை குலுக்கி வழியனுப்பிவிட்டார்கள். இப்போது பேருந்து நிலையத்துச் சைக்கிள் நிறுத்துமிடத்தில் டோக்கன் கிழித்துக் கொடுக்கிறான். போகும்போதும் வரும்போதும், "நல்லா இருக்கீங்களா அண்ணே?" என்பான். அவன் ஒரு நாளாவது திட்டியிருந்தால் பூட்ஸ்காரருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

எழுந்து கதவைத் தள்ளினார். மனைவி தொட்டிமேல் குனிந்து சட்டைகளை அலசிக்கொண்டிருந்தாள். திரும்பியவள் அவர் கையிலிருந்த பூட்ஸைப் பார்த்தாள். குழாயை மூடினாள்.

"எத்தனை நாளா?" என்றார்.

"ரெண்டு மாசம்."

"எந்த இடத்துல?"

"இடது முட்டி. ஜவ்வு பாதி கிழிஞ்சிருக்காம். முதல்ல அதோடவே ஆடிக்கிட்டு இருந்தான். போன மாசம்தான் பக்கத்து ஊர் டாக்டர்கிட்ட நான் கூட்டிட்டுப் போனேன். உங்ககிட்ட கல்யாண வீடுன்னு சொன்னேனே, அன்னிக்கு."

"டாக்டர் என்ன சொன்னான்?"

"நாலு மாசம் ஓடாம, காலைத் திருப்பாம வெச்சிருந்தா, அறுக்காமலே சேர்ந்துக்கும்னாரு. உக்கார்ந்தபடியே காலைத் தூக்கி இறக்கற பயிற்சி குடுத்திருக்காரு. இன்னொரு தடவை நல்லா மடங்கிச்சுன்னா அப்புறம் ஆட்டத்தை மறந்துட வேண்டியதுதான்னாரு."

"எனக்குச் சொல்லணும்னு தோணலையா உனக்கு?"

"தோணுச்சு. தினம் தோணுச்சு."

"பின்ன?"

அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "கோபப்படாம கேளுங்க. முப்பது வருஷமா உங்க வாயில ஒரு பொய் வந்து நான் பார்த்ததில்ல. கிளப்புன்னா உங்களுக்கு அப்படி. தெரிஞ்சா உங்களால மறைக்க முடியாது. மூஞ்சியே காட்டிக் குடுத்துடும். ரயிலு விஷயத்துல என்ன ஆச்சு?"

"அது நல்லதுக்குன்னுதான்..."

"நல்லதுக்குத்தான் சொன்னீங்க. நான் இல்லேன்னு சொல்லல."

 முப்பது வருஷம் கூடவே இருந்தவள், நீங்கள் யோக்கியர், அதனால் உங்களை நம்பவில்லை என்கிறாள். இதற்கு எங்கே போய் நியாயம் கேட்பது? தப்பு அவள்மேல் இல்லை என்பதும் அவருக்குப் புரிந்தது. அதுதான் இன்னும் வலித்தது.

மத்தியானம் வீட்டில் மூன்று பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள். ரொட்டி, அவித்த முட்டை, நேற்றைய பருப்பைத் தண்ணீர் விட்டுச் சுடவைத்த சூப். பம்பரம் நாற்காலியில் இடது காலை நீட்டியபடி உட்கார்ந்தான். இனி மடக்கிப் பொய்யாக உட்கார வேண்டியதில்லை. முட்டி வீங்கிப் பளபளவென்று இருந்தது. கதவுக்குப் பின்னால் காய்ந்துகொண்டிருந்த கட்டுத்துணியை இவ்வளவு நாள் தான் பார்க்காமல் எப்படிப் போனோம் என்று பூட்ஸ்காரர் நினைத்தார்.

"அடிபட்டிருக்குன்னு கோச்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாமேடா" என்றார்.

"கோச் நல்லவருதான் அத்தான். ஆனா முடிவு அவர் கையிலயா இருக்கு? ஆட முடியாதுன்னு சொன்னா வெச்சுக்க மாட்டாங்க. ஆடமாட்டேன்னு சொன்னா விடமாட்டாங்க. ரெண்டுல எது தேவலைன்னு அக்காவும் நானும் ராத்திரி பகலா யோசிச்சோம். எனக்கு அடுத்த வருஷமும் ஒப்பந்தம் இருக்கு. எப்படியாவது இந்த சீசனைத் தாண்டிட்டா, லீவுல கால் சேர்ந்துடும். அப்புறம் கால்ல விழுந்து மன்னிப்புக் கேட்டுட்டு ஆடிடலாம்னு நினைச்சேன். ஓட விடுவாங்கன்னு நினைக்கல."

"மூணாவது ஆளு மாதிரி வீட்டுல உக்கார வெப்பாங்கன்னு நினைச்சியா?"

"ஆமா."

"அவன் மீன் பிடிச்சுக் கெடுத்துட்டான்டா" என்றார் பூட்ஸ்காரர். அக்காவுக்குச் சிரிப்பு வந்து, பாதியில் அழுகையாகிவிட்டது.

"நான் தினம் ஜன்னல்லேருந்து கத்தினேனே" என்றார் அவர்.  "நடிக்காதடா, நடிக்காதடான்னு."

"நீங்க கத்தினது நல்லதாப் போச்சு அத்தான். பால்காரன்வரைக்கும் நம்பிட்டான்."

அதற்குமேல் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தட்டைத் தள்ளிவிட்டார். ரொம்பக் களைப்பாக இருந்தது. கிளப்பில் போய் உண்மையைச் சொன்னால் பையன் போய்விடுவான். சொல்லாமல் ஓடவிட்டால் கால் போய்விடும். கையெழுத்துப் போடுகிறவர் அவர் ஒருத்தர்தான்.

மறுநாள் காலை தூறல் விடவில்லை. ஏழு மணிக்குப் பம்பரம் வந்து பூட்ஸைக் கேட்டான்.

"உள்ள வந்து உக்கார்" என்றார்.

"நேரமாச்சே அத்தான், ஓடணுமே."

"உக்காருடா."

வெளிக்கதவைச் சாத்தினார். பயிற்சி மைதானம் அரங்கத்துக்குப் பின்னால் இருந்தது. அதைப் பார்க்க அந்த ஜன்னலையும் கேட்டையும் விட்டால் வேறு வழியில்லை. அன்றைக்கு மழையில் பால் வண்டியும் வரவில்லை. மற்ற ஆட்டக்காரர்கள் மத்தியானத்துக்கு மேல்தான் வருவார்கள், செயலாளர் பத்து மணிக்கு. பம்பரம் பெஞ்சில் காலை நீட்டி, கணுக்காலில் மணல் பையைக் கட்டிக்கொண்டு டாக்டர் சொன்னபடி தூக்கி இறக்க ஆரம்பித்தான். பூட்ஸ்காரர் ஜன்னலில் நின்று ஆளில்லாத மைதானத்தைப் பார்த்தார். மூன்று நிமிஷத்துக்கு ஒரு கோடு போட்டார். இருபது கோட்டையும் ஒரே மூச்சில் இழுத்துவிட்டுப் போயிருக்கலாம், யார் கேட்கப்போகிறார்கள்? அவருக்கு அப்படிப் பொய் சொல்லத் தெரியவில்லை. ஒரு மணி நேரம் கால்கடுக்க நின்று ஒவ்வொரு கோடாகத்தான் போட்டார். கடைசியில் தாளில் கையெழுத்தும் போட்டார். முப்பத்தோரு வருஷத்தில் அவர் எழுத்து அவ்வளவு கோணலாக விழுந்ததில்லை.

பிறகுதான் பூட்ஸைப் பார்த்தார். முந்தின நாள் அவரே துடைத்து வைத்தது. கண்ணாடி மாதிரி இருந்தது. இருபது சுற்று ஓடிய பூட்ஸ் அப்படி இருக்கக் கூடாது. இரண்டையும் எடுத்துக்கொண்டு வெளியே போய், கோல் கம்பத்துக்கு முன்னால் தேங்கிய சேற்றில் குனிந்து அமுக்கித் தேய்த்தார். கயிற்றுத் துளைக்குள்ளும் கொஞ்சம் அப்பினார். சேற்றை எடுப்பதற்காகவே சம்பளம் வாங்குகிறவர் அதைப் பூச எவ்வளவு திருத்தமாகக் கற்றிருந்தார் என்று அவருக்கே ஆச்சரியம். அரத்தை எடுத்து இடது காலின் குமிழ்களையும் வலதுக்குச் சமமாக ராவினார். நடுக்கதவு திறந்தே இருந்தது. மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன் சட்டையைக் குடுங்க" என்றாள்.

"வேர்க்கவே இல்லையே."

"போடாத சட்டையையே மூணு வாரம் துவைச்சவ நான். குடுங்க."

இப்படி ஐந்து நாள் போயிற்று. முட்டியின் வீக்கம் கொஞ்சம் வடிந்தது. ஆறாம் நாள், சுவரில் பதினாலு கோடு ஆகியிருந்தபோது, கேட் கிரீச்சிட்டது. நேரம் எட்டு ஆகவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால், குடையைப் பிடித்துக்கொண்டு செயலாளர் நேராக வந்துகொண்டிருந்தார்.

"போடா" என்றார் பூட்ஸ்காரர். பம்பரம் மணல் பையோடு நொண்டி நொண்டிச் சலவை அறைக்குள் போனான். அக்கா கதவைச் சாத்தினாள். பூட்ஸ்காரர் நேற்றைய சேறு காயாத ஜோடியை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளவும் செயலாளர் உள்ளே வரவும் சரியாக இருந்தது.

"எங்க அவன்?"

"கயிறு அறுந்துடுச்சு சார். மாத்திக்கிட்டு இருக்கேன். தண்ணி குடிக்கப் போயிருக்கான். பதினாலு சுத்து முடிஞ்சுது."

மூன்று பொய். ஒரே மூச்சில் வந்தன. செயலாளர் சுவரில் கோடுகளை எண்ணினார். ஒரு பூட்ஸை வாங்கித் திருப்பிப் பார்த்தார். விரலில் சேறு ஒட்டியதும் திருப்தியாகத் திருப்பிக் கொடுத்தார்.

"பரவாயில்ல, வளைஞ்சுட்டான் போலிருக்கே. நான் சொன்னேனா இல்லையா? ஆடமாட்டேன்னு சொல்றவனை இப்படித்தான் வழிக்குக் கொண்டு வரணும்." குடையை மடக்கினார். "கோச் ராத்திரி போன்ல அழாத குறை. சனிக்கிழமை தோத்தா எல்லாம் முடிஞ்சுதாம். ஒரே ஒரு வார்த்தை மன்னிப்புன்னு சொல்லட்டும், இறக்கிடலாம்ங்கறார். எனக்கும் மனசு கொஞ்சம் இளகித்தான் போச்சு. நீங்க வளர்த்த ஆளு. நீங்க சொன்னா கேப்பான். என்ன சொல்றீங்க?"

பூட்ஸ்காரர் மடியிலிருந்த இடது பூட்ஸைப் பார்த்தார். கதவுக்கு அந்தப் பக்கம் குழாய்ச் சத்தம்கூட இல்லை.

"வேண்டாம் சார்" என்றார். "அவனை நம்பாதீங்க. இன்னிக்கு மன்னிப்புன்னு சொல்லிட்டு, மைதானத்துல நின்னு வேடிக்கை பார்ப்பான். பதினஞ்சு வருஷம் சோறு போட்ட எனக்கே துரோகம் பண்ணினவன். கிளப்புக்கா உண்மையா இருக்கப் போறான்? பிடிவாதம் சார், உடம்பெல்லாம் பிடிவாதம். சீசன் முடியற வரைக்கும் ஓடட்டும். நான் எண்ணறேன்."

பேசும்போது அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. செயலாளர் அதைப் பார்த்தார். அவருடைய தோளில் கை வைத்தார்.

"சொந்தக்காரன்னும் பார்க்காம பேசறீங்க பாருங்க. உங்களை மாதிரி ரெண்டு பேர் இருக்கறதாலதான் இந்தக் கிளப்பு இன்னும் நின்னுக்கிட்டு இருக்கு" என்றார். குடையை விரித்துக்கொண்டு கிளம்பினார்.

கேட் மறுபடியும் கிரீச்சிட்டு அடங்கியது. கதவு திறந்தது. பம்பரம் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால் அக்கா, கையில் நனைந்த சட்டையோடு.

"நல்லாவே திட்டினீங்க அத்தான்" என்றான்.

"போதுமா?"

"போதும்."

பூட்ஸ்காரர் முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். கன்னத்தில் சேறு ஒட்டியது தெரியவில்லை. ஜன்னலடிக்குப் போய்ச் சாக்பீஸைத் தேடி எடுத்தார்.

"வந்து உக்கார்" என்றார். "இன்னும் ஆறு சுத்து பாக்கி இருக்கு."